சல் ஜாயேகா: ஒரு போல்டும் ஒரு துணைவினையும்

சற்றே நீண்ட பதிவு. ஓய்வுள்ளோர் வாசிக்கலாம்.

தில்லிக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் இந்தியிலிருந்து தமிழுக்கு நான் பெயர்க்க முயன்றவற்றுள் என்னை மிகவும் அலைக்கழித்த தொடர் எந்தக் கவிதையிலும் இல்லை. நொய்டாவில் ஒரு கார்ப் பட்டறையில் கிடைத்தது. 'சல் ஜாயேகா' என்பது அத்தொடர். இரண்டே சொற்கள். 'சல்' என்பது இயங்குதல், செல்லுதல். 'ஜாயேகா' என்பது 'போ' என்னும் பொருளுடைய 'ஜானா' துணைவினையாக நின்று எதிர்காலம் காட்டும் வடிவம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஓடிப்போகும்' என்று வரும். தமிழில் அது வேறு கதையாகிவிடும்.

பொருளை நோக்கிப் பெயர்த்தாலோ, ஒன்றுக்கு நான்கு சொற்கள் வந்து நிற்கின்றன: ஓடும், தாங்கும், ஒப்பேற்றலாம், சமாளிக்கலாம். நான்கும் ஒன்றல்ல. 'ஓடும்' என்றால் பொறுப்பு காரின் மேல் விழுகிறது. 'தாங்கும்' என்றால் அந்தக் குறிப்பிட்ட இரும்புத் துண்டின் மேல். 'ஒப்பேற்றலாம்' என்றால் பழுது பார்ப்பவர் மேல். 'சமாளிக்கலாம்' என்றால் ஓட்டுபவர் மேல். இந்தித் தொடர் இவற்றுள் எதையும் தேர்வதில்லை. எழுவாயைக்கூட வெளிப்படச் சொல்லாமல் நழுவிச் செல்கிறது. பேச்சில் அதன் அழகே அதுதான். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லவிருக்கும் காரின் அடியில் நின்று அதை மொழிபெயர்க்க வேண்டியிருந்தபோது, அந்த அழகை என்னால் ரசிக்க இயலவில்லை.

விடுதியில் எனக்கு மூத்தவராக இருந்து, இப்போது குருகிராமத்தில் பொறியாளராகப் பணியாற்றும் அண்ணன் ஒருவரிடம் பழைய நிசான் 370இசட் இருக்கிறது. இரண்டு இருக்கைகள், முன்னே ஆறு சிலிண்டர் என்ஜின், பின்சக்கர இயக்கம். முந்தைய உரிமையாளர் குட்டையான ஸ்பிரிங்குகளைப் பொருத்திக் காரைத் தாழ்த்தியிருந்தார். அண்ணன் அதை வார நாள்களில் வெளியே எடுப்பதில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை, கிரேட்டர் நொய்டாவின் புத் பன்னாட்டுப் பந்தயத் தடத்தில் தனியார் கார்களுக்குத் திறந்துவிடும் நாள்களில் ஓட்டுவார். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த தடம் அது. அண்ணனுக்கு இந்தி தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆகவே பட்டறைக்குப் போகும்போதெல்லாம் நான் உடன் செல்வேன். சம்பளம், வழியில் ஒரு தேநீரும் பிரெட் பக்கோடாவும்.

போல்ட் விஷயத்திற்கு வருகிறேன். காரைத் தாழ்த்தினால் உயரம் மட்டும் மாறுவதில்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள் தம் கோணத்தை மாற்றிக்கொள்கின்றன. சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்கிறது. இதனைக் கேம்பர் என்பர். மேலிருந்து நோக்கினால் சக்கரம் நேர்த்திசையை விட்டு உள்ளேயோ வெளியேயோ திரும்புகிறது, இது டோ. இவ்விரண்டையும் மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவர, கையின் உள்முனையில் கேம் போல்ட் என்னும் ஒருவகைப் போல்டைப் பொருத்துகிறார்கள். அதன் தலையோடு சேர்ந்த வட்டத்தகடு, போல்டின் மையத்திலிருந்து சற்றே விலகியிருக்கும். போல்டைத் திருப்பினால் தகடு தன் இருப்பிடத்தின் விளிம்பை உந்தும், போல்ட் நீள்துளைக்குள் பக்கவாட்டில் நகரும், கையும் நகரும், சக்கரம் திசை மாறும். சில மில்லிமீட்டர் நகர்வு போதும். வேண்டிய அளவு கிடைத்ததும் நட்டை இறுக்கிவிடுவார்கள். தாழ்த்திய கார்களுக்கென்றே இன்னும் அதிக நகர்வு தரும் போல்டுகள் தனியே விற்பனையாகின்றன. அண்ணன் காரில் இருந்தவை அத்தகையவை.

370இசட்டின் பின்புறத்தில் டோவைச் சரிசெய்யும் போல்ட் எந்தக் கையில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காரில் ஷாக் அப்சார்பர் தனியே நிற்கிறது. ஸ்பிரிங் தனியே, வாளி போலக் குழிந்த ஒரு கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கையின் உள்முனையில்தான் இப்போல்ட். சக்கரத்தின் திசையைக் காப்பதும், ஸ்பிரிங்கைச் சுமக்கும் கையை இடத்தில் நிறுத்துவதும் ஒரே போல்டின் வேலையாகிறது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தடத்தில் ஓட்டிவிட்டு வந்தவர், மூன்றாம் வளைவுக்கும் நான்காம் வளைவுக்கும் இடைப்பட்ட நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதிக்கும்போது காரின் பின்பகுதி இடப்புறமாக நழுவுகிறது என்றார். அந்த நேர்ப்பாதை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. தடத்தில் வேகம் உச்சத்தைத் தொடும் இடம். அடுத்த ஞாயிறும் அங்கே ஓட்டுவதற்குப் பணம் கட்டியிருந்தார். வியாழன் மாலை பட்டறைக்குப் போனோம்.

அலைன்மென்ட் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் சிறிதளவு உள்நோக்கியிருக்க வேண்டும். அதுதான் காரை நேரே நிறுத்தும். வலப்பக்கம் அப்படியே இருந்தது. இடப்பக்கச் சக்கரம் வெளிநோக்கித் திரும்பியிருந்தது. லிஃப்டில் ஏற்றி விளக்கடித்துப் பார்த்தார்கள். நட்டின் மேலிருந்து தகட்டின் மேல்வரை முன்பு யாரோ இழுத்திருந்த மஞ்சள் பெயிண்ட் கோடு, நடுவில் அறுந்து இரண்டு துண்டுகளாக விலகி நின்றது. குறியியல் வகுப்பில் புகையையும் நெருப்பையும் காட்டியே சுட்டுக்குறியை விளக்குவார்கள். இதைக் காட்டியிருந்தால் ஒரே நாளில் புரிந்திருக்கும்.

பட்டறையின் மூத்த மெக்கானிக்கை எல்லாரும் உஸ்தாத் என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். அவர் நட்டில் ஸ்பேனரை வைத்து அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கஸ் தேங்கே. சல் ஜாயேகா."

"என்ன தம்பி சொல்றார்?" என்றார் அண்ணன்.

இவ்விடத்தில் ஓர் இலக்கணச் செய்தி. பிறர் கூறியதை எடுத்துரைக்கும்போது, 'இது என் கூற்றன்று' எனக் காட்டத் தமிழில் '-ஆம்' என்னும் இடைச்சொல் இருக்கிறது. 'வருவான்' என்பதற்கும் 'வருவானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. உரைபெயர்ப்பாளனுக்கு இதைவிட நேர்மையான கருவி இல்லை. நானும் "இறுக்கினால் தாங்குமாம் அண்ணா" என்றேன். ஆனால் அந்த '-ஆம்' வெறும் செய்தியை மட்டும் சுமப்பதில்லை. தமிழ்க் காதில் அது ஒரு சிட்டிகை ஐயத்தையும் சேர்த்தே விழுகிறது. உஸ்தாத் ஐயத்தோடு சொல்லவில்லை. அண்ணனோ அந்த ஐயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "தாங்குமா, தாங்குமாமா?"

மொழியியல் மாணவர்கள் இத்தகைய வினாவுக்காகத் தவம் கிடப்பார்கள். அவர் கேட்டது ஆய்வுக்காக அன்று. ஞாயிற்றுக்கிழமை அந்த இருக்கையில் அமரப்போகிறவர் அவர்.

'தாங்கும்' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. 'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினையைத் தொல்காப்பியம் நிகழ்காலத்துக்கு உரியதாகக் கூறுகிறது. இன்றைய தமிழில் அஃறிணைக்கு அதுவே எதிர்காலம். 'இந்தப் பாலம் பத்து டன் தாங்கும்' என்றால் அது பாலத்தின் இயல்பு. 'கவலைப்படாதே, தாங்கும்' என்றால் வருங்காலம் பற்றிய ஆறுதல். ஒரே வடிவம், ஒன்றில் அளந்து அறிந்தது, மற்றொன்றில் நம்பிக்கை. கேட்பவர் முன்னதாக எடுத்துக்கொள்ள, சொல்பவர் பின்னதைக் கருதியிருக்கக்கூடும்.

எனவே உஸ்தாதிடம் திரும்பி, போல்டைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்களா, பாராமல் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று எண்ணினேன், சிரித்தார். "பார்க்காமல்தான், பையா. பார்க்க வேண்டுமானால் ஸ்பிரிங்கை இறக்க வேண்டும்." இறக்கச் சொன்னோம்.

கையின் அடியில் ஜாக்கை முட்டுக்கொடுத்து, வெளிமுனைப் போல்டைக் கழற்றி, ஜாக்கை மெல்லத் தாழ்த்தினார். ஸ்பிரிங் தளர்ந்து கைக்கு வந்தது. உள்முனைப் போல்ட் இரண்டு தட்டில் வெளியே வந்துவிட்டது. இத்தகைய போல்டுகள் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதே வழக்கம். இது எளிதாக வந்ததே கெட்ட செய்தி.

தண்டில் குழலின் விளிம்பு பட்ட இடத்தில் ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடியது. வெர்னியரை வைத்தால் மற்ற இடத்தைவிட 0.2 மி.மீ. குறைவு. குழலுக்குள் கோகோத் தூள் போன்ற செம்பழுப்புப் பொடி. மழைநீர்த் துரு இப்படி மாவாக இராது. இரண்டு இரும்புப் பரப்புகள் இறுக்கம் குறைந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தால்தான் இப்பொடி உண்டாகும். மரையின் முதல் சில சுற்றுகள் மழுங்கியிருந்தன.

போல்ட் பற்றி நான் அதுவரை கொண்டிருந்த எண்ணம், அது ஆணியைப் போலக் குறுக்கே நின்று சுமை தாங்குகிறது என்பது. இத்தகைய இணைப்புகளில் நடப்பது வேறு. நட்டை இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு இழுபட்டு நீள்கிறது. நீண்ட போல்ட் சுருங்க முயல்வதால் இடையிலுள்ள தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வுதான் கையை அசையாமல் நிறுத்துகிறது. உராய்வு உள்ளவரை தண்டின் மேல் குறுக்குச் சுமை பெரிதாக விழுவதில்லை. அழுத்தம் போன பிறகே தண்டு அடிவாங்கத் தொடங்குகிறது. அப்புறம் ஒவ்வொரு வளைவும் ஒரு சுத்தியலடி.

"இறுக்கிவிடலாம்" என்பது ஏன் தீர்வாகாது என்பதும் இதிலேயே இருக்கிறது. டார்க் ரென்ச்சில் நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே செலவாகிவிடுகிறது; பத்தில் ஒரு பங்குதான் போல்டை இழுத்து அழுத்தமாக மாறுகிறது. மரை துருப்பிடித்தோ மழுங்கியோ இருந்தால் அந்தச் சிறுபங்கும் கரைந்துபோகும். ரென்ச் 'டக்' என்று சரியான எண்ணில் ஒலிக்கும். உள்ளே பிடிப்பு இராது.

தடம் இதில் என்ன செய்தது? புத் தடம் வலஞ்சுழியாக ஓடுவது. வலப்புற வளைவுகளில் காரின் எடை இடப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். பத்தாம் வளைவில் தொடங்கும் அந்த நீண்ட, சரிந்த வலப்புற வளைவில் கார் பல நொடிகள் இடப்பக்கத்தின் மேலேயே சாய்ந்து நிற்கிறது. இடப்பக்கப் போல்ட் முதலில் தளர்ந்ததற்கு இதுவே காரணம் என்பது உஸ்தாதின் கருத்து. எனக்கும் பொருத்தமாகவே படுகிறது. ஆயினும் என் சொந்த ஐயம் நொய்டாவின் வேகத்தடைகள் மேல். தாழ்ந்த கார் ஒன்று அவற்றைக் கடக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் பந்தயத் தடத்தைக் குறைகூற மாட்டார்கள்.

போல்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த உஸ்தாத் அடுத்துச் சொன்னது: "கிஸ் கயா ஹை." தேய்ந்துபோயிருக்கிறது. அதே துணைவினை, அதே 'ஜானா'. சிறிது நேரத்திற்கு முன் எதிர்காலத்தில் நின்று ஆறுதல் சொன்னது, இப்போது இறந்தகாலத்தில் நின்று சான்று சொன்னது. இதைத் தமிழாக்க எனக்குத் தயக்கம் எழவில்லை. தமிழும் இங்கே 'போ' என்பதையே துணைவினையாகக் கொள்கிறது. '-ஆம்' சேர்க்கவும் தேவைப்படவில்லை. அண்ணன் விரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் அரைநாள் அலைந்தோம். அங்கே கிடைக்காதது இல்லை என்பார்கள். மையம் விலகிய தகட்டோடு கூடிய அந்தப் போல்ட் கிடைக்கவில்லை. இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, அதே தடிமனும் நீளமும் உள்ள சாதாரணப் போல்டை இட்டு, டோவை ஏதோ ஓரிடத்தில் நிறுத்தி இறுக்குவது. கடைக்காரர் எடுத்துக் காட்டியதன் தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. கழற்றியதன் தலையில் 10.9. இந்த எண்களைத் தசமமாகப் படிக்கக்கூடாது; இரண்டு உருபன்கள் ஒட்டிய சொல்லாகப் பிரிக்க வேண்டும். புள்ளிக்கு முன்னுள்ளது அறுபடும் வலிமை: 10 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன். புள்ளிக்குப் பின்னுள்ளது, அதில் எத்தனை பத்தில் பங்குவரை போல்ட் நிரந்தரமாக நீளாமல் மீளும் என்பது: 9 என்றால் 900. இக்கணக்கில் 8.8 என்பது 800-உம் 640-உம். "இதுவும் சல் ஜாயேகா" என்றார் அவர்.

இரண்டாவது வழி, பக்கத்துச் சந்தில் லேத் வைத்திருந்தவர் மாதிரியைப் பார்த்து அப்படியே கடைந்து தருவதாகச் சொன்னது. சனிக்கிழமை மதியம் கிடைத்துவிடும். அண்ணன் அரைமனத்தோடு இசைந்தும்விட்டார். அவருடைய தவிப்பு எனக்குப் புரிந்தது. ஞாயிறுக்குக் கட்டிய பணம் திரும்பாது, அடுத்த வாய்ப்பு இரண்டு மாதம் கழித்து. ஆனால் தொழிற்சாலையில் நல்ல போல்டின் மரையை வெட்டுவதில்லை. உருளைகளுக்கு இடையில் அழுத்தி உருட்டுகிறார்கள். உலோகத்தின் இழை அறுபடாமல் மரையின் வளைவுகளோடு வளைந்து செல்கிறது. லேத்தில் வெட்டும் மரையில் இழை அறுபடுகிறது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் விரிசல் தொடங்குவதற்கு ஏற்ற இடமாகிறது. எந்த இரும்பு, என்ன பதம் என்பதும் தெரியாது. லேத்காரர் கைவேலையில் தேர்ந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரிடம் இல்லாதது கைத்திறன் அன்று.

உலோகக் களைப்பு என்பது வளைந்து, முனகி, எச்சரித்துவிட்டு வருவதில்லை. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னரே, நாள்தோறும் தாங்கிய அதே சுமையில் இரும்பு ஒருநாள் திடீரென முறிவது ஏன் என்னும் கேள்வியைப் பொறியாளர்கள் தீவிரமாகக் கையிலெடுத்தார்கள். பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்து, எத்தனை முறை எவ்வளவு சுமை என்னும் கணக்கை நிறுவினார். 'இதுவரை தாங்கியது' என்பது 'இனியும் தாங்கும்' என்பதற்குச் சான்றாகாது என்பதே அந்தச் சோதனைகளின் சாரம். சந்தில் நின்றபடி இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன், இவ்வளவு கோவையாக இல்லாவிட்டாலும்.

அவர் பதில் சொல்லவில்லை. மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினார். குருகிராமம்வரை என்னோடு பேசவும் இல்லை. இறங்கும்போது, "நீ 'சரியாயிடும்'னு மட்டும் சொல்லியிருந்தா நான் போயிருப்பேன் தம்பி" என்றார். குற்றச்சாட்டா, நன்றியா என்று அந்தத் தொனியிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. இன்றும் அதைக் கேட்கவில்லை.

புதிய போல்டுகள் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு பக்கத்துக்கும் வரவழைத்திருந்தோம். வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, இடப்பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று பட்டறையில் ஓர் இளைஞன் கேட்டான், உஸ்தாதே மறுத்துவிட்டார். வலப்பக்கப் போல்ட் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. எண்ணெய் விட்டு, சூடாக்கி, அடித்து, ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் கிரைண்டரால் இருமுனையையும் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அதோடு அந்தப் பக்கத்துப் புஷ்ஷும் போயிற்று. செலவுப் பட்டியலில் போல்டைவிடப் புஷ்ஷும் கூலியும் அதிகம்.

பொருத்தும்போது உஸ்தாத் செய்த மூன்று காரியங்களைக் குறித்துக்கொண்டேன். குழலுக்குள் போகும் தண்டில் மட்டும் துருத்தடுப்புப் பசையைப் பூசினார், மரையில் பூசவில்லை. மரை வழுக்கினால் அதே டார்க் எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். நட்டை முதலில் பாதியளவே இறுக்கி, காரைச் சக்கரங்களின் மேல் முழு எடையோடு நிறுத்திய பிறகே கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினார். கை தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்குண்ட நிலையிலேயே பூட்டப்பட்டு விரைவில் கிழியும். கடைசியில் தகட்டின் இருப்பிடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நட்டிலிருந்து சட்டகம்வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். டோ இருபுறமும் 0.10 பாகை உள்நோக்கி. கேம்பர் எதிர் 2.0. ஐம்பது கிலோமீட்டர் சாலையில் ஓடியபின் டார்க்கை மறுபடி பார்க்கச் சொன்னார்.

பிப்ரவரியில் தடத்துக்குப் போனோம். முதல் சுற்றோட்டம் முடிந்து கார் வந்ததும், அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் நான் கைவிளக்கோடு பின்சக்கரத்தருகே படுத்திருந்தேன். இரண்டு கோடுகளும் அறுபடாமல் இருந்தன. "என்ன தம்பி?" என்றார். "கோடு அசையலை அண்ணா" என்றேன். நான்காம் வளைவுக்கு இன்னும் பத்து மீட்டர் தள்ளிப் பிரேக் பிடிக்கலாமா என்று அடுத்துக் கேட்டார். அதற்கு என்னிடம் எந்த மொழியிலும் விடை இல்லை. டயரில் காற்றழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவரப் போனேன்.